வெள்ளை டயரும் கறுப்பு டயரும்

ரப்பர் மரத்தைக் கீறினால் வடிகிற பால் பசும்பாலைப் போல வெள்ளையாக இருக்கும். அதை உறைய வைத்து, தகடாக்கி, புகையில் காட்டினால் தேன் நிறம் வரும். அதற்கு மேல் கறுப்பதற்கு அதனிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் டயர் என்ற உடனே நம் மனத்தில் தோன்றுவது கன்னங்கரேலென்ற ஒரு வளையந்தான். காக்கையைப் பார்த்து ஏன் கறுப்பு என்று யார் கேட்கிறார்கள்? டயரையும் யாரும் கேட்பதில்லை.

1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டினார். அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு வரையில் டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்து வந்தன. உறுதிக்காக அதில் துத்தநாகப் பொடியைக் கலந்தார்கள்; அது இன்னும் வெளுப்பைத் தந்தது. மிஷலின் கம்பெனியார் 1898-இல் தங்கள் விளம்பரத்துக்காக டயர்களை அடுக்கிச் செய்த அந்தக் குண்டு மனிதன் இன்றும் வெள்ளையாக இருக்கிறானே, அது அந்தக் காலத்து டயரின் நிறம். டயர்கள் கறுத்துப் போயின. பாவம், அவனை மட்டும் யாரும் கறுப்பாக்கவில்லை.

அப்போது வீதிகளில் மோட்டார் வண்டியைவிடக் குதிரைகளே அதிகம். மழைச் சேறும் குதிரைச் சாணமும் கலந்த வீதியில் வெள்ளை டயரோடு ஒரு தரம் போய்த் திரும்பினால் என்ன கதியாகும்? எஜமானர் படியேறி உள்ளே போன பிறகு, வண்டியோட்டி வாளியும் பிரஷுமாகச் சக்கரத்தின் அருகில் குந்தியிருக்க வேண்டியதுதான். டயரைத் துலக்குகிற கலை அங்கேதான் பிறந்தது.

கறுப்பு வந்தது அழகுக்காக அல்ல. 1904-இல் லண்டன் ஸில்வர்டவுனில் இருந்த ரப்பர்த் தொழிற்சாலையில், புகைக்கரியைக் கலந்தால் ரப்பருக்கு அபாரமான வலு ஏற்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நம் வீடுகளில் விளக்குச் சுடரின்மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து மை கூட்டுவார்களே, ஏறக்குறைய அதே காரியந்தான். அமெரிக்காவில் பூமியிலிருந்து வரும் வாயுவைக் கொளுத்தி, சுடரை இரும்புச் சட்டங்களின்மேல் படவிட்டு, படிந்த கரியைச் சுரண்டி மூட்டை மூட்டையாகச் சேர்த்தார்கள். அப்படிக் கரி விற்ற கம்பெனிகளில் பின்னி அண்டு ஸ்மித் ஒன்று. குழந்தைகளின் கிரேயோலா வர்ணக் குச்சிகளைச் செய்தவர்களும் அவர்களே. 1910-க்குப் பிறகு அமெரிக்க டயர்த் தொழிற்சாலைகள் இந்தக் கரியைக் கலக்கத் தொடங்கின. கரி கலந்த டயர் பழைய டயரைப் போலப் பல மடங்கு தூரம் ஓடிற்று. குழந்தையின் கன்னத்தில் பொட்டு வைக்கும் மை, வண்டிச் சக்கரத்துக்கு ஆயுளைக் கொடுத்தது என்று சொன்னால் பொய்யாகாது.

தேய்வது தரையில் படுகிற பாகந்தானே என்று சிலர் அங்கே மட்டும் கரியைச் சேர்த்தார்கள்; பக்கங்கள் வெள்ளையாகவே நின்றன. முதலில் முழுக் கறுப்புக்குத்தான் மதிப்பு அதிகம், கழுவும் தொல்லை இல்லையல்லவா? ஆனால் எல்லா டயரும் கறுத்துப் போனதும் மனித சுபாவம் தன் வேலையைக் காட்டிற்று. கழுவுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்ல வெள்ளை வளையத்தைவிடச் சுலபமான வழி ஏது? 1934-இல் ஃபோர்டு கம்பெனி தன் புதுக் கார்களுக்கு, கூடுதல் விலை கொடுத்தால் வெள்ளை வளைய டயர் உண்டு என்றது.

இந்த நாகரிகத்துக்குப் பால் வார்த்தது மலேயா. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேஸிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் சந்ததியில்தான் அந்தத் தோட்டங்கள் எழுந்தன. மரம் கீறுவதற்குத் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் நின்றுவிடும்; ஆகவே இருட்டிலேயே எழுந்து, மரத்துக்கு மரம் கோடு கீறிக் கிண்ணம் வைத்து, பிறகு அதே வழியில் திரும்பிப் பாலைச் சேர்க்க வேண்டும். நியூயார்க்கில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சோப்புப் போட்டுத் துலக்கிய வளையத்துக்குப் பின்னால் இப்படி ஒரு விடியற்காலை இருந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முந்திய மாதமே அமெரிக்காவில் டயருக்கு ரேஷன் வந்துவிட்டது. அந்த வருஷமே டயர் தேயாமல் இருப்பதற்காக மணிக்கு 35 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். வெள்ளை வளையமாவது ஒன்றாவது! மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எழுத ஆளில்லை. டயருக்கு மட்டும் கணக்கு இருந்தது.

யுத்தம் முடிந்ததும் வெள்ளை வளையம் மறுபடி வந்தது. நம்முடைய பழைய படங்களில் கதாநாயகன் ஓட்டி வரும் நீளமான கார்களில் அதைப் பார்க்கலாம். 1957-இல் காடிலாக் ஒரு மாதிரியில் அதை மெலிய வைத்தது. 1962 வாக்கில் எல்லோரும் மெலிய வைத்தார்கள். பிறகு அது மறைந்தே போயிற்று. சக்கரத்துக்கும் ஒரு நாகரிகம் உண்டு. 1924-இல் லியோன் பந்தயத்துக்கு புகாட்டி அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களோடு வந்தார். இன்று சாதாரண மனிதரும் அந்த ஆடம்பரத்தை வைத்துக்கொண்டு, அதில் படிகிற பிரேக் தூசியோடு மல்லாடுகிறார். அந்தத் தூசியில் பெரும் பங்கு இரும்பு. ஈரம் பட்டால் துருப்பிடித்துப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் ஆறிய பிறகு தண்ணீரும் மெல்லிய சோப்பும் போட்டு அடிக்கடி கழுவினால் போதும். அமிலத்தைத் தேடிப் போக வேண்டாம்.

டயரின் விஷயம் வேறு. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தின்று வெடிப்பு உண்டாக்கும். இதைத் தடுக்க இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்னால் ஒரு ரசாயனத்தைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து, ஓசோனைத் தான் வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றுகிறது. அந்தக் காரியத்தில் அது பழுப்பாகிவிடும். சொந்தக்காரர் அதை அழுக்கு என்று எண்ணி நாரும் பிரஷும் கொண்டு தேய்க்கிறார், மறுபடி பழுப்பு வருகிறது, மறுபடி தேய்க்கிறார். சிலர் மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஆயில் என்று கைக்குக் கிடைத்ததைப் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் ஊறி நைந்து போகும்.

அந்தப் பழுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் மழை பெய்தால் சாலையோர ஓடைகளில் கோஹோ என்னும் ஸால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே செத்து மிதந்தன. காரணம் தெரியாமல் பல வருஷம் தேடினார்கள். 2020-இல் கண்டுபிடித்தார்கள்: தேய்ந்த டயர்த் துகளிலிருந்து வருகிற இந்த ரசாயனம், ஓசோனோடு சேர்ந்து மாறின உருவத்தில், அந்த மீனுக்குக் கொடிய விஷம்.

டயர்ப் பளபளப்பு இப்போது புட்டியில் வருகிறது. தண்ணீரில் கலந்தது ரப்பருக்குத் தீங்கு செய்யாது. தரையில் படும் பாகத்தில் மட்டும் பூசக்கூடாது, வழுக்கும். ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். விற்பவர் முதலில் செய்கிற காரியம் டயருக்கு மெருகு போடுவது. பத்து வருஷத்துக் கிழட்டு டயரும் அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும். நெடுஞ்சாலையில் வெயிலில் வெடிப்பது அந்த மாப்பிள்ளைதான். டயரின் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். சில டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. அந்தப் பக்கத்தை உள்நோக்கி மாட்டியிருந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும்.