உலைக்களத்தில் பிறந்த மருத்துவம்: பாராசெல்சஸ் குறித்த ஒரு மறுபார்வை

1527 ஜூன் 24, புனித யோவான் திருநாளன்று பாசெல் நகரில் எரிந்த நெருப்பில் பழைய மருத்துவ நூலொன்றைப் பாராசெல்சஸ் வீசினார். அது இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூல் என்பது வழிவழி வந்த செய்தி. அவரது வரலாற்றை எழுதியோர் பலரும் இந்தக் காட்சியை நடுவில் வைத்து, மரபை எரித்த கலகக்காரராகவே அவரைக் காட்டினர். நூலை எரித்ததைக் கொண்டு மட்டும் அவரது செல்வாக்கை விளக்கிவிட முடியாது. பழைய முறைக்கு மாற்றாக வைக்க அவரிடம் வேறொன்று இருந்தது. அதை அவருக்குக் கொடுத்தவை சுரங்கங்களும் உருக்குலைகளுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தியோஃபிராஸ்டஸ் ஃபான் ஹோஹென்ஹைம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1493 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் ஊரில் பிறந்தார். மருத்துவரான தந்தை 1502இல் கரிந்தியாவிலுள்ள ஃபில்லாக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது ஈயச் சுரங்கங்கள் சூழ்ந்த வட்டாரம். தாதுவை உருக்கிக் கசடை நீக்கும் தொழில் சிறுவயதிலேயே அவருக்குப் பரிச்சயமானது. பின்னர் டிரோல் மலைநாட்டுச் சுரங்கங்களையும் நேரில் கண்டார். அந்த அனுபவம் 1533-34 அளவில் சுரங்கத் தொழிலாளரின் நோய்கள் பற்றிய நூலாக உருவெடுத்தது. முதற்பகுதி சுரங்கத்தில் உழைப்போரின் நுரையீரல் நோயையும், இரண்டாவது உலைகளில் உருக்குவோரின் நோய்களையும், மூன்றாவது பாதரசத்தால் விளையும் கேடுகளையும் பேசுகின்றன. உலோக ஆவியை நாள்தோறும் சுவாசிப்பதால் உடலுக்குள் கேடு படிகிறது என்கிறார் அவர். கேலனின் வழிவந்த மருத்துவம் குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் நிலை குலைவதையே நோய் என்றது. அக்கணக்கில் நோய் ஒவ்வொருவரின் உடல்வாகையும் பொறுத்தது. ஒரே சுரங்கத்தில் உழைக்கும் பலதரப்பட்ட உடல்வாகினரும் ஒரே விதமாக இருமி இளைத்துப்போவதை அது எளிதில் விளக்காது. புறத்திலிருந்து வரும் குறிப்பிட்ட பொருளால் குறிப்பிட்ட நோய் உண்டாகிறது என்ற சிந்தனைக்கு இங்கே உறுதியான பிடிமானம் கிடைத்தது.

மருந்தைப் பற்றிய அவரது எண்ணமும் இதே களத்திலிருந்து எழுந்ததுதான். இரசவாதத்தின் வேலை பொன் செய்வதன்று, மருந்து செய்வது என்றார். தாதுவிலிருந்து உலோகம் பிரிவதுபோல, நச்சுப் பொருளிலிருந்தும் நெருப்பின் துணையால் மருந்தைப் பிரிக்கலாம் என்பது அவரது துணிபு. எல்லாப் பொருளும் நஞ்சே, அளவே அதை நஞ்சல்லாததாக்குகிறது என்று 1538இல் எழுதிய தற்காப்பு நூலில் வாதிட்டதும் இதன் தொடர்ச்சியே. மேகநோய்க்குப் பாதரசத்தை அளவின்றிப் பூசிய மருத்துவர்களை 1530இலேயே அவர் கடுமையாகச் சாடினார்; குவாயக் மரக்கட்டைச் சிகிச்சையையும் விட்டுவைக்கவில்லை. லைப்சிக் மருத்துவப் புலத்தின் எதிர்ப்பால், அப்பொருள் பற்றி மேலும் அச்சிட நியூரம்பர்க் நகர மன்றம் அவருக்குத் தடை விதித்தது.

விண்மீன்களின் ஆற்றலையும், உடலுக்குள் இருந்து செரிமானத்தை நடத்தும் ‘ஆர்க்கேயஸ்’ என்ற சக்தியையும் நம்பியவரை மருத்துவ முன்னோடி என்பது தகுமா எனக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அவரிடமிருந்து மறைஞானத்தை வெட்டியெறிந்தால் வேதியியலும் கூடவே போய்விடும். பேரண்டத்தில் நிகழ்வதே உடலிலும் நிகழ்கிறது என்று நம்பியதால்தான், மலைக்குள் உப்பும் கந்தகமும் பாதரசமும் கொள்ளும் மாற்றங்களை மனித உடலிலும் அவர் தேடினார். அந்த நம்பிக்கை பிழையானது. அது எழுப்பிய கேள்வியோ பயன் தந்தது. இரசவாத மருந்துகள் அவருக்கு முன்பே இருந்தன என்ற மறுப்பும் உண்மையே. 14ஆம் நூற்றாண்டிலேயே ரூப்பெசிசாவின் யோவான் வடித்தெடுத்த சாரங்களை மருந்தாகப் பரிந்துரைத்தார். எனினும் மருந்துத் தயாரிப்பு, நோய்க் காரணம், உடலியக்கம் மூன்றையும் ஒரே வேதியியல் விளக்கத்துக்குள் கொண்டுவந்தது பாராசெல்சஸே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1541இல் சால்ஸ்பர்க்கில் அவர் இறந்தபோது நூல்களில் பெரும்பகுதி அச்சேறவில்லை. சுரங்க நோய் நூல் வெளிவந்ததே 1567இல்தான். அவ்வாறாயின் செல்வாக்கு அவருடையதா, சீடர்களுடையதா? டென்மார்க்கின் செவெரினஸ் 1571இல் அவரது கருத்துகளை ஒழுங்குபடுத்தாமல் இருந்திருந்தால், பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பொருட்படுத்தியிருப்பார்களா என்பது ஐயமே. ஆனால் சீடர்கள் பிடித்துக்கொண்ட பகுதி எது என்று பார்க்க வேண்டும். 1609இல் மார்பர்க் பல்கலைக்கழகம் மருத்துவ வேதியியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தியது. 1618இல் லண்டன் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட மருந்து நூலில் கேலனிய மருந்துகளோடு வேதி மருந்துகளும் இடம்பெற்றன. பாரிஸிலோ 1566இல் தடைசெய்யப்பட்ட ஆன்டிமனிக்கு ஒப்புதல் கிடைக்க நூறாண்டுகள் ஆயின. அந்த நெடிய வழக்கின் மையத்தில் நின்றது, நச்சு உலோகமொன்று உரிய பக்குவத்திலும் அளவிலும் மருந்தாகுமா என்ற கேள்வி. அது பாராசெல்சஸ் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த கேள்வி.