அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிலைநிதியும் நம் நாட்டுக் கல்வி அறங்களும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். தொண்டை மண்டலத்தின் இத்தகைய பழங்கோயில்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்போர், நந்தா விளக்கொன்றுக்கெனத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் அளிக்கப்பட்டதையும், அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கப்பட்டதையும் காண்பர். ஆடு சாகாதா, மூப்படையாதா என நகைக்க வேண்டுவதில்லை. ஆடுகளைப் பெற்ற இடையர், கழிந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமற் காத்து, விளக்குக்கு உரிய நெய்யை அளந்து வந்தனர். மூலம் அழியாது, பயன் மட்டுமே செலவாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெருஞ்செல்வமாக இன்று பேசப்படும் நிலைநிதி என்பதும் இவ்வேற்பாடே அன்றி வேறன்று.

அந்நாட்டின் பழங்கல்லூரிகள் பல, திருச்சபைக்குக் கற்ற போதகர் வேண்டுமே என்னும் கவலையிற் பிறந்தவை. 1636இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் நிறுவிய கல்லூரிக்கு, 1638இல் இறந்த இளம் போதகர் ஜான் ஹார்வர்டு தம் உடைமையிற் பாதியையும் ஏறத்தாழ நானூறு நூல்களையும் விட்டுச் சென்றார். கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. 1701இல் கனெக்டிகட் போதகர்கள் தொடங்கிய கல்லூரியின் கதையோ நம் சென்னையோடு பிணைந்தது. பாஸ்டன் போதகர் காட்டன் மேத்தர், 1718இல் லண்டனிலிருந்த எலிகு யேலுக்குக் கடிதம் எழுதி, உதவி செய்தால் கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்படலாம் எனக் குறிப்புக் காட்டினார். ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் கப்பலேறி வந்தன. கலிகோ, மஸ்லின் முதலிய துணிகள் அடங்கிய அச்சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விலைபோயிற்று. இத்துணைச் சிறு தொகைக்கு இத்துணை நெடும்புகழ் பெற்றவர் உலகில் வேறெவரும் உண்டோ என ஐயுறுகிறோம்.

இந்த யேல் 1672இல் கும்பெனி ஊழியராகச் சென்னை வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சொந்த வாணிகத்தில் வரம்பு மீறினார் என்னும் குற்றச்சாட்டுகளால் பதவி இழந்தவர். கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பின் அங்கு நடந்த முதல் திருமணம் அவருடையதே. அவர் ஆட்சிக் காலத்தில்தான் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் செயின்ட் எலினாத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்; புறப்படும் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துப் பேரையாவது கொண்டு செல்லவேண்டும் என அவர் தலைமையிலான சபை பணித்தது. ஆலயப் பதிவேட்டையும் கோட்டைச் சபையின் நடவடிக்கைக் குறிப்பையும் ஒருசேர வைத்துப் படிப்பது திருச்சபை வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது. அடிமைமுறையோடு தன் வரலாற்றுக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கோரியது.

இன்றைய நிலையை நோக்குவோம். 2024ஆம் நிதியாண்டின் முடிவில் ஹார்வர்டின் நிலைநிதி ஏறத்தாழ 5,320 கோடி டாலர். யேலுக்கு 4,140 கோடி. பிரின்ஸ்டனுக்கு 3,410 கோடி. தொகையால் ஹார்வர்டு முதன்மையுறினும், மாணவர் தொகையால் வகுத்துப் பார்த்தால் பிரின்ஸ்டனே முந்தும். ஏறத்தாழ ஒன்பதாயிரம் மாணவரே அங்குப் பயில்வதால், தலைக்கு முப்பத்தைந்து இலட்சம் டாலருக்கும் மேலாகிறது. உள்நாட்டுப் போருக்குப்பின், 1867இல் விடுதலை பெற்ற கறுப்பினத்தாரின் கல்விக்கெனத் தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகமோ 2024ஆம் ஆண்டளவிற்றான் நூறு கோடி டாலரைக் கடந்தது. கறுப்பினத்தார்க்கென எழுந்த கல்லூரிகளில் அந்த அளவை எட்டிய முதலாவது அதுவே. முந்நூறு ஆண்டுகள் கூட்டுவட்டி ஈட்டியவரும், அம்முந்நூறு ஆண்டுகளின் பெரும்பகுதியில் பிறர் உடைமையாய் எண்ணப்பட்டவரும் ஒரே பட்டியலில் நிறுத்தப்படும்போது, எண்கள் மட்டும் உண்மை பேசுவதில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். பெரியபாளையத்தில் 1754இல் தந்தையை இழந்த குழந்தையாய்ப் பிறந்து, சென்னையில் துபாஷியாய்ப் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார், 1794இல் மறையுமுன் தம் செல்வத்தை அறங்களுக்கென உயில் எழுதிவைத்தார். அவர் கருதியவை பெரும்பாலும் ஆலயப் பணிகளே. வழக்கு நீண்டது, பணம் வளர்ந்தது. கோயில் அறங்களுக்குப் போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழிவகுத்தது. அதற்கு உழைத்தவருள் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் ஒருவர். 1842இல் பள்ளி திறந்தபோது, கொடுத்தவர் இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே அங்கு இடம். இதைக் குறைகூறுமுன், மிஷன் பள்ளிகளில் பிற சமய மாணவர்க்கும் வேதபாடம் கட்டாயமாயிருந்த காலத்தை நாம் நினைத்துக் கொள்ளுதல் நன்று. கொடுப்பவர் கையில் நிபந்தனையும் உண்டு.

நிபந்தனையே அமெரிக்கக் கல்லூரிகளையும் கட்டுகிறது. நிலைநிதியின் பெரும்பகுதி குறித்த ஒரு பேராசிரியர் பதவிக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ உரியது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடே செலவிடப்படும். பங்குகளிலும் தனியார் முதலீடுகளிலும் அவர்கள் துணிந்து போடுவதுபோல நம் அறநிறுவனங்கள் போட இயலாது. முதலீட்டு வகைகளை இந்திய வருமானவரிச் சட்டம் வரையறுக்கிறது. வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும் என்பதும் விதி. எனவே நம் கல்லூரிகளுக்கு மூலதனமாய் நிற்பது பெரும்பாலும் முன்னோர் விட்டுச் சென்ற நிலமே. டெக்சாஸ் அரசு தன் பல்கலைக்கழகத்துக்கு மேற்கே ஒதுக்கிய வறண்ட நிலத்தை அந்நாளில் எவரும் மதித்திலர். 1923இல் அங்கு எண்ணெய் பீறிட்டது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வருமுன் அவ்வூர்ப் புறம்போக்கையும் பொட்டலையும் மதித்தவர் எத்தனை பேர்? நடப்பாண்டுப் பற்றாக்குறையைச் சரிக்கட்டத் திருச்சபை நிலத்தை விற்பது, ஆட்டை அறுத்து விளக்கெரிப்பதற்கு ஒப்பாகும் என்பது எம் கருத்து.

மூலத்தைக் காப்பது போலவே அதன் பிறப்பை ஆராய்வதும் உக்கிராணத்துவத்தின் பகுதியாகும். 1812இல் நிறுவப்பட்ட பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி பல்கலைக்கழகத்தினின்றும் வேறானது. அது தன் கணக்கேடுகளைத் தானே புரட்டி, தன் நிதியில் அடிமை உழைப்பின் பங்குண்டு என 2018இல் அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு, 2 கோடியே 76 இலட்சம் டாலரை ஈடுசெய் பணிகளுக்கென ஒதுக்கியது. அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கான உபகாரச் சம்பளமும் அதில் அடங்கும். அத்தொகையும் நிலைநிதியாகவே வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் அதன் வருவாயே செலவிடப்படும் என்பது ஏற்பாடு.