ஆம்பல் அரிசி: தொட்டியில் வளர்த்துப் படித்த புறநானூறு

சங்கப் பாட்டில் ஆம்பல் என்றதும் நமக்குப் பூதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் புறநானூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "இதில் யார் என்ன சாப்பிடுகிறார்கள்?" என்ற ஒரே கேள்வியோடு பாடல் பாடலாகப் போய்ப் பாருங்கள். ஆம்பல் தழையாடையாக வருகிறது, கிழங்காக வருகிறது, அரிசியாக வருகிறது. பூ அப்புறம்தான்.

முதலில் கிழங்கு. 176ஆம் பாடல், நன்னாகனார் ஓய்மான் நல்லியக்கோடனைப் பாடியது. ஓய்மா நாடு என்பது இன்றைய திண்டிவனம் பக்கம். விளையாடப் போன பெண்கள், பன்றி உழுதுபோட்ட சேற்றைக் கிளறுகிறார்கள். ஆமை முட்டையும் கூடவே ஆம்பல் கிழங்கும் கிடைக்கின்றன. நாட்டு வளத்துக்கு அடையாளமாகப் புலவர் சொல்வது இது. மனுஷன் ஏர் பிடிக்கவே இல்லை, பன்றியே உழுதுவிட்டது என்பதுதான் அங்கே பெருமை.

இப்போது 248. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது, நாலைந்து வரிதான். கணவனை இழந்த ஒருத்தி குளத்து ஆம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். சின்ன வயதில் அதன் தழையை உடுத்தினாள். இன்று நேரங்கெட்ட நேரத்தில் அதன் அரிசியைத் தின்கிறாள். 280ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார் இதையே வேறு இடத்தில் வைக்கிறார். அங்கே கணவன் இன்னும் சாகவில்லை, மார்பில் புண்ணோடு கிடக்கிறான். சகுனங்கள் சரியில்லை. முன்பு உடுத்திய ஆம்பலின் அல்லியை உண்ணும் கைம்பெண்களைப் போல வாழ்வது கஷ்டம் என்கிறாள் மனைவி. இரண்டு புலவர்களும் 'அன்று உடை, இன்று உணவு' என்று ஒரே மாதிரி சொல்வதால், இது தனி ஒருவரின் கற்பனை இல்லை, அன்றைக்கு ஊரறிந்த வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கைம்பெண்ணுக்கு ஏன் இந்த அரிசி? நெல்லுச் சோறு விலக்கு, அதனால் இது என்பது வழக்கமான பதில். சரிதான். ஆனால் அந்த அரிசி எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் பாட்டு இன்னும் கனக்கிறது. அதற்காகத்தான் மொட்டைமாடியில் தொட்டி வைத்தேன்.

செய்முறை பெரிசா ஒன்றுமில்லை. மூன்றடி அகல சிமெண்ட் தொட்டி, அடியில் அரையடி வண்டல் மண், மேலே ஒரு அடி தண்ணீர். தென்னை நார்க்கழிவு மட்டும் வேண்டாம், எல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கொசுவுக்கு நாலு கப்பி மீன் போதும். நான் வைத்தது இரவில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்பும் வெள்ளை ஆம்பல்.

பூ முடிந்ததும் காம்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும். காய் முற்றுவது தண்ணீருக்கு அடியில். முற்றினால் வெடித்து, வழவழப்பான சவ்வோடு விதைகள் கொஞ்ச நேரம் மிதந்து, அப்புறம் சேற்றில் போய்ச் சேரும். ஆகவே வெடிப்பதற்கு முன்னால் பறிக்கணும், அதுவும் கையை விட்டுத் துழாவி. பிறகு அழுகவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, காயவைத்து, புடைக்கணும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு காயில் எனக்குக் கிடைத்தது ஒரு தேக்கரண்டி. கடுகைவிடச் சின்ன மணிகள். ஒரு வேளைக் கஞ்சிக்கு எத்தனை காய் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

248இல் வரும் 'நேரங்கெட்ட நேரம்' கைம்மை நோன்பின் விதி என்றுதான் படிக்கிறோம். விதி இருக்கட்டும். இடுப்பளவுத் தண்ணீரில் துழாவிச் சேர்க்கும் அரிசி ஊர் சாப்பிடும் நேரத்துக்கு உலையில் ஏறாது என்பதும் அதில் இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் தழை பறித்த அதே குளத்தில் அவள் மறுபடி இறங்கி நிற்கிறாள் என்பது எனக்குத் தொட்டியில் கை விட்ட பிறகுதான் உறைத்தது.

அரிசியைக் குற்றம் சொல்ல முடியாது. இலங்கையில் ஓலு என்ற பெயரில் அல்லி விதை இன்றும் கடைகளில் விற்கிறது; சாதாரணமாகச் சோறு போலச் சமைத்து உண்கிறார்கள். வங்காளத்தில் அல்லித் தண்டு கறி. நம் சூப்பர் மார்க்கெட்டில் 'தாமரை விதை' என்று விற்கும் மக்கானாகூடத் தாமரை இல்லை. பீகாரில் விளையும், இலையெல்லாம் முள்ளாக இருக்கும் ஓர் அல்லிக் குடும்பச் செடி. 2022இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் குளத்தடிச் சேற்றிலிருந்து ஆட்கள் இறங்கி அள்ளுவதுதான். நாம் அதைக் கிலோ ஆயிரக்கணக்கில் கொடுத்து டயட் என்று கொறிக்கிறோம்!

இன்னொரு தொட்டியில் கொட்டி வைத்திருக்கிறேன். மூதுரையில் ஔவையார் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொல்லும் அதே கொட்டி. (இந்த ஔவையார் சங்ககால ஔவையார் இல்லை, பல நூற்றாண்டு பிந்தியவர்.) குளம் வற்றினால் பறவை பறந்துவிடும், இவை கூடவே இருந்து வாடும், உறவு அப்படி இருக்கணும் என்று விளக்கம் படித்திருப்போம். போன மே மாதம் அந்தத் தொட்டியை வேண்டுமென்றே வற்றவிட்டேன். நீள இலைகள் ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகின. மண் வெடித்தது. கிழங்கு உள்ளே அப்படியே கிடந்தது. தண்ணீர் விட்டதும் துளிர்த்தது. அதாவது செடி குளத்தோடு சேர்ந்து சாகவில்லை, அடுத்த மழை வரைக்கும் காத்திருக்கிறது. ஔவைக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தண்ணீர் வற்றிய குளத்தில் கொட்டிக்கிழங்கு தோண்டித் தின்பது பஞ்ச காலத்தில் ஊர் அறிந்த வேலை.

கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரித்தால் மாவாக இருக்கும். விதைக்கிழங்கு வேண்டுமென்றால் கோடையில் கிராமத்துக் கண்மாய்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். நகரத்து ஏரிகளில் எடுத்துத் தின்ன வேண்டாம். தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் இந்தச் செடிகள் இழுத்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கிழங்கு கொண்டுவந்தால் நட மட்டும் பயன்படுத்துங்கள். சாப்பிடுவது உங்கள் தொட்டி மண்ணில் புதிதாக விளைந்ததாக இருக்கட்டும்.