சிமிட்டும் திரை: கண்ணோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின் வரலாறு

புதிதாக வாங்கிய மேசைக் கணினியின் திரை சிமிட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் வழக்கமாக அவருக்கு மூன்று விடைகள் கிடைக்கும். கடைக்காரர் கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்வார். கணினி தெரிந்த நண்பர் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்வார். வீட்டிலிருப்போர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, 'எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே, கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு' என்பார்கள். முதல் இரண்டும் சில வேளைகளில் பலிக்கும். நீண்ட வரலாறு உடையது மூன்றாவதுதான். திரைகள் தோன்றிய நாள்முதல், சிமிட்டலைக் கண்டவர்களிடம் காணாதவர்கள் சொல்லி வந்த விடை அது. அவ்வரலாற்றை ஒருமுறை நடந்து பார்த்தால், நம் மேசைமீது நடுங்கும் திரையையும் ஓரளவு படித்துவிடலாம்.

சக்கரமும் விழியும்

1824ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் ராயல் சொசைட்டியில் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவரின் கட்டுரை ஒன்று படிக்கப்பெற்றது. செங்குத்தான இடைவெளிகளின் ஊடே நோக்கும்போது, உருண்டோடும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவது ஏன் என்பதே அதன் பொருள். கண்ட காட்சி விழித்திரையில் சற்று நேரம் தங்கிவிடுகிறது என்பதைக் கொண்டு அவர் விளக்கம் தந்தார். சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து 1852இல் 'தெசாரஸ்' வெளியிட்ட ரோஜேயும் இவரே என்பது இலக்கிய அன்பர்களுக்கு உவப்பான செய்தி.

1832இல் பெல்ஜியத்து இயற்பியலாளர் ஜோசப் பிளத்தோ, சுழலும் வட்டத்தில் வரைந்த படங்களை அசையச் செய்து காட்டினார். பார்வையை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அவரே பிற்காலத்தில் பார்வையை முற்றிலும் இழந்தார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான டால்பட்டும் பிளத்தோவும் கண்டறிந்த விதி ஒன்று இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. ஒளி போதிய வேகத்தில் அணைந்து எரிந்தால், அதன் சராசரி அளவே நிலையான ஒளியாகக் கண்ணுக்குத் தோன்றும் என்பது அவ்விதி.

'போதிய வேகம்' எது என்ற வினாவுக்கு 1892இல் பெர்ரியும் 1902இல் போர்ட்டரும் விடை கண்டனர். அந்த வேகம் நிலையானதன்று. ஒளி கூடினால் அதுவும் கூடும். வெளிச்சம் பத்து மடங்காகும்போதெல்லாம், சிமிட்டல் மறைவதற்கான வேகம் ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்துகொண்டே போகும். மங்கிய ஒளியில் அமைதியாக நிற்கும் படம், ஒளியைக் கூட்டினால் நடுங்கத் தொடங்கும். இவ்விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் நூறாண்டுக் கதை எளிதில் விளங்கும்.

சினிமாக் கொட்டகையின் தந்திரம்

ஊமைப்பட நாட்களில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. அசைவைக் காட்ட அது போதும். சிமிட்டலை மறைக்கப் போதாது. ஆங்கிலத்தில் சினிமாவுக்கு வழங்கிய 'பிளிக்ஸ்' என்ற செல்லப்பெயர் இந்தச் சிமிட்டலிலிருந்து பிறந்ததே. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிலிம் செலவு கூடும். ஆகவே விளக்கின் முன் சுழலும் தகட்டுக்கு மூன்று இதழ்கள் வைத்தனர். ஒரே படம் மூன்று முறை திரையில் விழுந்தது. 16 படங்கள், 48 ஒளிவீச்சுகள். பேசும்படம் வந்து நொடிக்கு 24 படங்கள் என்றானபோது, இரண்டு இதழ்களிலேயே அதே 48 கிடைத்தது. இருண்ட கொட்டகையின் மங்கிய திரைக்கு அது போதுமாயிருந்தது.

கண்ணோடு செய்துகொண்ட உடன்படிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு ஒளிவீச்சுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை எவ்வளவு குறைத்தால் கண் எதிர்ப்புச் சொல்லாது என்பதே பொறியாளர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி. பெரும்பான்மைக் கண்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் கோடு போடப்பட்டது. ஒப்பாத கண்களும் இருந்தன.

லண்டன், 1936

1936 நவம்பர் 2ஆம் நாள், லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. இரு போட்டி முறைகள் வாரம் மாறி வாரம் ஒளிபரப்பாயின. ஜான் லோகி பேர்டின் முறை, 240 கோடுகள் கொண்ட முழுப்படத்தை நொடிக்கு 25 முறை வரைந்தது. ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் மார்க்கோனி-இ.எம்.ஐ. குழு உருவாக்கிய முறையில் 405 கோடுகள். அங்கும் முழுப்படம் நொடிக்கு 25தான். ஆனால் ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என்று பின்னி வரைந்ததால், திரை நொடிக்கு 50 முறை ஒளிர்ந்தது. கொட்டகைக்காரரின் மூன்று இதழ்த் தகடு செய்த வேலையை இங்கே மின்சாரம் செய்தது. பேர்டின் படம் கண்கூடாகச் சிமிட்டியது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 1937 தொடக்கத்தில் அவர் முறை கைவிடப்பட்டதில் இச்சிமிட்டலுக்கும் பங்குண்டு.

50 என்ற எண் பிரிட்டனின் மின்விநியோகத்திலிருந்து வந்தது. மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தின் குறுக்கே பட்டைகள் ஊர்ந்து செல்லும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருந்த அமெரிக்காவில் தொலைக்காட்சியும் 60 ஆயிற்று. மின்நிலையத்துச் சக்கரம் சுழலும் வேகம் வரவேற்பறைத் திரையின் துடிப்பாக அமைந்தது. இன்றும் கணினித் திரைகளின் அமைப்பில் 60 என்னும் எண்ணைக் காண்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

கருப்புப் பலகையும் வெள்ளைக் காகிதமும்

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் ஒற்றைவண்ணத் திரை நொடிக்கு 50 முறைதான் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் அதில் பூசிய பாஸ்பர், ஒளியை மெல்ல மெல்ல விடும் வகை. கருப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் அசையாமல் நின்றன. வரிகள் நகரும்போது மட்டும் பேய்நிழல்போல் ஒரு தடம் பின்தொடர்ந்தது.

அதற்கு முன்பே, 1973இல், ஜெராக்ஸ் ஆய்வகத்து ஆல்ட்டோ கணினி வேறொரு கனவைக் கண்டிருந்தது. திரை காகிதத்தைப்போல இருக்கவேண்டும். வெண்மையின்மேல் கருப்பெழுத்து வேண்டும். 1984இல் மக்கின்டாஷ் அக்கனவை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. எழுத்தை நேசிப்பவர்கள் கொண்டாடவேண்டிய மாற்றந்தான். ஆனால் பெர்ரியும் போர்ட்டரும் கண்ட விதி அங்கே காத்திருந்தது. திரை முழுவதும் வெள்ளையானால் ஒளி பன்மடங்காகும்; முன்பு போதுமாயிருந்த வேகம் இப்போது போதாது. தொலைக்காட்சியை எட்ட இருந்து பார்த்தோம். கணினியின் முன் ஒரு முழத் தொலைவில் அமர்கிறோம். சிமிட்டலை விரைவில் உணர்வது கடைக்கண். அருகிலிருக்கும் அகலத் திரை அந்தக் கடைக்கண்ணையும் நிரப்பிவிடுகிறது.

இதற்கு நடுவே தொலைக்காட்சியின் பழைய பின்னல் தந்திரமும் கணினிக்குள் நுழைந்தது. 1985இல் வந்த அமிகா கணினியில் மிகு நுணுக்கப் படத்தை வரவழைத்தால், ஒற்றைக் கோட்டு அகலமுள்ள விளிம்புகள் நொடிக்கு 25 அல்லது 30 முறையே ஒளிர்ந்து நடுங்கின. அதை நிறுத்துவதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1987இல் ஐ.பி.எம். வெளியிட்ட 8514 முறையும் 1024க்கு 768 புள்ளிகளைப் பின்னி வரைந்தே காட்டியது. ஓடும் படத்தில் மறைந்துபோகும் குறை, நின்று நிலைத்த எழுத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

தொழிலாளர் எழுப்பிய கேள்வி

இக்கதையின் திருப்பம் ஆய்வகத்தில் நிகழவில்லை, அலுவலகத்தில் நிகழ்ந்தது. 1980களில் நாள் முழுதும் திரைமுன் அமர்ந்து பணிபுரிந்தோர் தலைவலியையும் கண்வலியையும் முறையிடத் தொடங்கினர். சுவீடனின் அலுவலக ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான டி.சி.ஓ., கணினித் திரைகளுக்குத் தானே தரம் வகுத்துச் சான்று வழங்க முற்பட்டது. 1992, 1995, 1999 என அத்தரங்கள் படிப்படியாக இறுகின. 1999ஆம் ஆண்டுத் தரத்தின்படி, குழாய்த் திரை நொடிக்குக் குறைந்தது 85 முறை புதுப்பிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கம் ஒன்றின் முத்திரை உலகெங்கும் விற்ற திரைகளின் நெற்றியில் ஏறிய அரிய நிகழ்வு இது. 1990 மே மாதத்தில் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த கட்டளையும், பணியிடத் திரையில் படம் சிமிட்டாமல் நிலையாக இருக்கவேண்டும் என்று சட்டமாகவே விதித்தது.

'உனக்கு மட்டும்தான் தெரிகிறது' என்ற விடைக்கு மறுப்பு 1989இல் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆர்னால்டு வில்கின்ஸும் உடனாய்வாளர்களும் அலுவலக டியூப்லைட்டுகளைச் சோதித்தனர். சோக் பொருத்திய சாதாரண விளக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும்; பார்வைக்கு அது தெரியாது. அவற்றுக்கு மாற்றாக ஏறத்தாழ 32,000 ஹெர்ட்ஸில் இயங்கும் மின்னணுக் கருவியைப் பொருத்தினர். எந்த விளக்கின் கீழ் யார் இருந்தார் என்பது ஊழியர்க்கும் தெரியாது, கணக்கெடுத்தவர்க்கும் தெரியாது. தலைவலியும் கண்களைப்பும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. கண் 'பார்க்காத' சிமிட்டலையும் உடல் அறிகிறது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

தட்டைத் திரையின் மறைபொருள்

குழாய்த் திரைகள் போய் எல்.சி.டி. வந்தபோது, சிமிட்டல் ஒழிந்தது என்றே பலரும் கருதினர். காரணம் இருந்தது: குழாயில் ஒவ்வொரு புள்ளியும் எரிந்து அணையும், எல்.சி.டி.யில் அடுத்த படம் வரும்வரை புள்ளி தன் நிலையிலேயே நிற்கும். ஆனால் அப்புள்ளிகளின் பின்னே ஒரு விளக்கு உண்டு. எல்.இ.டி. விளக்கின் ஒளியைக் குறைக்க எளிய வழி, அதை வேகமாக அணைத்து அணைத்து எரிப்பது. டால்பட்-பிளத்தோ விதி அப்படியே பயன்படுகிறது. சில நூறு ஹெர்ட்ஸில் இவ்வாறு துடிக்கும் திரைகள் ஏராளமாக விற்பனையாயின.

இங்கேதான் வாசகராகிய நமக்குச் சிக்கல். வாசிக்கும்போது கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை; சொல்லுக்குச் சொல் தாவுகிறது. அத்தாவலின்போது, துடிக்கும் ஒளி விழித்திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து சிதறும். நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும் ஒளியைக்கூடத் தாவும் கண் கண்டுகொள்ளும் என்று வில்கின்ஸும் அவர் உடனாய்வாளரும் 2013இல் காட்டினர். எல்.இ.டி. விளக்குகளுக்காக மின்-மின்னணுப் பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. 2015இல் வெளியிட்ட 1789 எண்ணுள்ள பரிந்துரையும், முழுவதுமாக அணைந்து எரியும் விளக்கானால் 1250 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதையே குறைந்த தீங்குடையது என்கிறது.

புதிய திரையில் புதிய சிமிட்டலும் பிறந்தது. 2013க்குப் பின், விளையாட்டின் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் முறைகள் பரவின. ஒளியளவு ஒரு வேகத்துக்கென்று சீர்செய்யப்பட்டிருக்க, வேகம் அலைபாயும்போது ஒளியும் அலைபாய்கிறது. ஓ.எல்.இ.டி. திரைகளிலும் வி.ஏ. வகை எல்.சி.டி.களிலும் இது மிகுதி.

நம் மேசைமீது

இனி நம் புதிய கணினிக்கு வருவோம். சிமிட்டல் எங்கே பிறக்கிறது என்பதை வரிசையாகத் தேடலாம்.

முதலில் திரையின் சொந்தப் பொத்தானை அழுத்தி அதன் உள்பட்டியலை வரவழைப்போம். அப்பட்டியலும் சேர்ந்து சிமிட்டினால் ஐயம் திரையின்மேல் விழும். கேபிளைப் பிடுங்கிய பின்னும் தொடர்ந்தால் ஐயமே இல்லை. பட்டியல் அமைதியாக நிற்க, பின்னாலுள்ள படம் மட்டும் நடுங்கினால் கணினிப் பக்கம் தேடலாம்.

திரை நொடிப்பொழுது முழுக்கக் கருத்துப்போய் மீள்கிறதா? கேபிளைப் பார்க்கவேண்டும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப ஏறத்தாழ நொடிக்கு 18 கிகாபிட் கொள்ளளவு கொண்ட எச்.டி.எம்.ஐ. இணைப்பு வேண்டும். பழைய கேபிள் தடுமாறும். அமைப்பில் வேகத்தை 30 ஆக்கியதும் குறை நின்றுவிட்டால், பெரும்பாலும் குற்றவாளி கேபிளே.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கு மைக்ரோசாப்ட் சொல்லும் சோதனை எளிது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவேண்டும். அதுவும் சேர்ந்து சிமிட்டினால் டிரைவர் காரணமாகலாம். அது மட்டும் அசையாது நின்றால் ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை.

விளையாடும்போது மட்டும் ஒளி ஏறி இறங்கினால், மாறுவேக அமைப்பை நிறுத்திப் பார்க்கலாம். எதுவும் தெரியாமல் தலை மட்டும் வலிக்கிறதென்றால், இரவில் மற்ற விளக்குகளை அணைத்து, திரையின் ஒளியைக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தின் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டவேண்டும். பென்சில் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நன்று. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் ஒளி துடிக்கிறது. ஒளியைக் கூட்டி வைத்தால் பல திரைகளில் இத்துடிப்பு குறையும். குறையாவிட்டால், திருப்பித் தரும் காலக்கெடு முடியுமுன் கடைக்குப் போவதே முறை.

அங்கே 'எல்லாத் திரையும் இப்படித்தான்' என்று சொல்லக்கூடும். சுவீடனின் அலுவலக ஊழியர்களுக்கும் ஒரு காலத்தில் எல்லாத் திரைகளும் அப்படித்தான் இருந்தன. அவர்கள் தம் கண்களை நம்பி முறையிட்டதனாலேயே 85 என்ற எண் தரச்சான்றில் ஏறியது. வீட்டில் ஒருவர் மட்டும் திரை நடுங்குகிறது என்று சொன்னால், கண் மருத்துவரைத் தேடுமுன் அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் அருகில் போய் அமர்வோம்.