'பரங்கி' என்றொரு சொல்

மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்ல முற்படும் போதெல்லாம், 'ஃபிராங்க்காகச் சொன்னால்' என்று நம்மில் பலர் தொடங்குகிறோம். சேலத்துக் கடைவீதியிலும் நாமக்கல் பேருந்து நிலையத்திலும் இத்தொடர் நாள்தோறும் காதில் விழுகிறது. 'உள்ளதை உள்ளபடி' என்றும், 'வெட்டொன்று துண்டு இரண்டு' என்றும் சொல்லத் தமிழில் வழியிருந்தும் இந்த ஆங்கிலச் சொல் நம் நாவில் ஒட்டிக்கொண்டது. இச்சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றால், நம் மறைமாவட்ட மண்ணில் நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த வரலாறு ஒன்றின் வாயிலில் வந்து நிற்போம்.

ஒளிவு மறைவற்ற பேச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. 'கேன்டிட்' என்பது வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பிளெயின்' என்பது சமநிலத்தைக் குறிப்பது. மேடு பள்ளமற்ற நிலம்போல் வளைவு நெளிவற்ற பேச்சு என்பது அதன் கருத்து. மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்வது என்னும் ஆங்கில மரபுத்தொடருக்கோ வேடிக்கையான வரலாறு உண்டு. தொட்டியைத் தொட்டி என்பது பற்றியதே பழைய கிரேக்க வழக்கு. மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்முஸ் இலத்தீனில் பெயர்த்தபோது தொட்டி மண்வெட்டியாயிற்று; 1542இல் அது ஆங்கிலத்திலும் புகுந்தது. நேர்மைப் பேச்சுக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் தொடரே ஒரு பிழையில் பிறந்திருக்கிறது!

'ஃபிராங்க்' என்பதோ ஓர் இனத்தாரின் பெயர். இன்றைய பிரான்சு நாட்டை வென்று ஆண்ட பிராங்கியர் அங்கே முழு உரிமை பெற்றோராய் வாழ்ந்தனர். ஆகவே அவர்தம் பெயர் முதலில் 'உரிமையுடையவன்' என்றும், பின்னர் அஞ்சாமல் மனந்திறந்து பேசுபவன் என்றும் பொருள்பட்டது. அதே பெயர் கிழக்கு நோக்கியும் பயணம் செய்தது. அரபியரும் பாரசீகரும் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயரால் அழைத்தனர். பாரசீகத்தின் 'ஃபரங்கி' தமிழில் 'பரங்கி' ஆயிற்று. சென்னையின் பரங்கிமலையும், நம் பக்கத்தில் அரசாணிக்காய் எனப்படும் பரங்கிக்காயும் அதன் எச்சங்கள். மேற்கே மதிப்புப் பெற்ற பெயர் இங்கே இழிசொல்லாயிற்று. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை பேணாதவர் என்று போர்ச்சுக்கீசியரை வெறுத்த மக்கள் அவர்களைப் பரங்கியர் என்றனர்.

இச்சொல்லே மறைபரப்புக்குப் பெருந்தடையாய் நின்றது. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மதுரை மக்கள் எண்ணினர். 1606இல் மதுரைக்கு வந்த உரோமை நாட்டு இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி இதை உணர்ந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டார். தாம் பரங்கியர் அல்லர், உரோமையில் பிறந்த துறவி என்று எழுத்து வடிவிலேயே ஊரறிய அறிவித்தார். தம் மறையில் சேரச் சாதியைக் கைவிட வேண்டியதில்லை என்றும் உரைத்தார். உடன் பணியாற்றிய மூத்த குரு ஒருவரே அவர்மேல் குற்றம் சாட்டினார். வழக்கு உரோமை வரை சென்று, 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி முதலியவற்றுக்கு இசைவளித்தார்.

அவ்வாண்டிலேயே தத்துவ போதகர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றவர், ஆட்சியை இழந்து அங்கே தங்கியிருந்த திருமங்கல நாயக்கரைச் சந்தித்தார். நாடிழந்த அந்த மன்னர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். நாம் நடக்கும் இச்சமவெளியில் விழுந்த முதல் விதைகளுள் இவை அடங்கும்.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'நான் பரங்கி அல்லன்' என்ற சொல் மனந்திறந்த சொல்லா? அவர் போர்ச்சுக்கீசியர் அல்லர், உரோமையில் பிறந்தவர். சொன்னது பொய்யன்று. எனினும் பரங்கியரின் மறையும் தம் மறையும் ஒன்றே என்பதும், அவர்களின் அரசர் ஆதரவில் இயங்கிய மறைப்பணியைச் சேர்ந்தவர் தாம் என்பதும் அந்தச் சொல்லில் அடங்கவில்லை. உண்மையான சொல்லும் முழு உண்மையைச் சொல்லாமல் விடக்கூடும். அவரைப் பழித்துரைக்க நாம் முன்வரவில்லை. நற்செய்தி நம் மொழியில் பேசவேண்டும் என்று அவர் பட்ட பாட்டின் பயனைத் துய்ப்பவர் நாம். ஆனால், சாதியைத் தொடாமல் விட்ட அந்த வாக்குக்கு விலை கொடுத்தவர்கள் எளியோர். 1640 முதல் அவர்களுக்கெனப் பண்டாரச் சுவாமிகள் என்னும் தனிக் குருக்கள் ஏற்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

அந்நாளில் ஒளிக்காமல் பேசிய குரல் ஒன்று இருந்தது. இசைவளித்த அந்தத் திருத்தந்தையின் மடலே, குலப்பெருமை கொண்டோர் தாழ்ந்தோரை இகழலாகாது என்றும், இறைவனின் இல்லத்தில் அவர்களை விட்டு விலகி நிற்கலாகாது என்றும் மன்றாடி வேண்டியது. பூணூலுக்குத் தந்த இசைவை நம் முன்னோர் நன்றாக நினைவில் வைத்தனர். இந்த வேண்டுகோளை மறந்தனர்.

நம் மரபில் உள்ளத்தின் மெய் உண்மை, வாயின் மெய் வாய்மை, உடலின் மெய் மெய்மை என்பர் பெரியோர். மூன்றும் பொருந்தினால்தான் பேச்சு நேர்மையாகும். இன்று ஒப்புரவு என நாம் வழங்கும் அருட்சாதனத்துக்கு நம் பாட்டனார் சொன்ன பெயர் பாவசங்கீர்த்தனம். தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்லுதல் என்பது அதன் பொருள். தனி மனிதர் செய்யும் அதனைத் திருக்கூட்டமும் செய்யலாகாதோ? சாதி வேற்றுமை நம் ஆலய முற்றங்களை விட்டு முழுதும் அகலவில்லை என்பதை நாம் அறிவோம். பங்குப் பேரவையில் 'ஃபிராங்க்காகச் சொன்னால்' என்று தொடங்கும் நாம், அடுத்து இதைச் சொல்கிறோமா, வரிக் கணக்கைச் சொல்கிறோமா என்பதே நம்முன் உள்ள சோதனை.