வண்ணமீன் கண்காட்சிகளில் பரிசுத் தேர்வு

வண்ணமீன் கண்காட்சிகளில் பரிசுத் தேர்வு என்பது, பொழுதுபோக்காக மீன் வளர்ப்போர் போட்டிக்கு வைக்கும் மீன்களை, அந்தந்த இனத்துக்கென முன்கூட்டியே வகுக்கப்பட்ட இலக்கணத்தோடு ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் முறையாகும். மீன்கள் இனவாரியாகவோ வகைவாரியாகவோ பிரிக்கப்பட்டு, நடுவரின் கவனம் சிதறாதபடி அலங்காரமற்ற கண்ணாடித் தொட்டிகளில் தனித்தனியே வைக்கப்படும்.

புள்ளி முறை: பிரித்தானிய நீர்வாழ் கழகங்களின் கூட்டமைப்பு பின்பற்றும் முறையில் அளவு, உடலமைப்பு, நிறம், துடுப்புகள், உடல்நிலையும் நீந்தும் நயமும் ஆகிய ஐந்து கூறுகளுக்கும் 20 வீதம் 100 புள்ளிகள் உண்டு. அளவு என்பது அந்த இனம் எட்டக்கூடிய முழு வளர்ச்சியைக் கொண்டே கணிக்கப்படுவதால், விரலளவுகூட இல்லாத நியான் டெட்ரா பெரிய ஆஸ்கர் மீனை வெல்ல இடமுண்டு.

இனத்துக்கேற்ற இலக்கணம்: ஃபைட்டர் எனப்படும் பெட்டா மீன்களுக்கு 1966இல் தோன்றிய சர்வதேச பெட்டா காங்கிரஸ் விதிகளை வகுத்துள்ளது. அடுத்தடுத்த குடுவைகளுக்கு இடையில் உள்ள அட்டையை நடுவர் எடுத்ததும், இரண்டு ஆண் மீன்களும் ஒன்றையொன்று கண்டு செவுள் மூடியைத் திறந்து துடுப்புகளை விரிக்கின்றன. அப்போது ஹாஃப்மூன் வகையின் வால் 180 பாகை அரைவட்டமாக விரிய வேண்டும். முதுகுத் துடுப்பற்ற கோல்டு ஃபிஷ் வகையான ரான்ச்சுவை ஜப்பானில் ஆழமற்ற தொட்டியில் விட்டு மேலிருந்து நோக்கி, முதுகின் அகலம், வால் அமைப்பு, நீந்தும் அழகு ஆகியவற்றைச் சீர்தூக்குவதோடு, வென்ற மீன்களுக்குச் சுமோ மல்யுத்தத்தின் தரப்பெயர்களையும் சூட்டுகின்றனர்.

பரிசும் அதன் விளைவும்: சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரால் 1865இல் விவரித்த மேற்குத் தொடர்ச்சி மலை மீனே இன்று ‘மிஸ் கேரளா’ என வழங்குகிறது. சிங்கப்பூரில் 1989இல் தொடங்கிய அக்வாரமா கண்காட்சியில் 1997ஆம் ஆண்டு புதிய மீன்களுக்கான பிரிவில் இது மூன்றாமிடம் பெற்றதைத் தொடர்ந்து, வெளிநாட்டுத் தேவை பெருகி, ஆறுகளிலிருந்து ஏராளமாகப் பிடிக்கப்பட்டது. பின்னர் இது அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கேரள அரசும் இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது.

ஒரு பரிசு சந்தையையும், சந்தை ஆற்றையும் பாதிக்கும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது. ஆகவே, அழகுக்கு வழங்கும் புள்ளிகளுக்கு இணையான மதிப்பை, தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்த்தவரின் உழைப்புக்கும் வழங்கும் வளர்ப்பாளர் பிரிவு போட்டிகளில் இன்றியமையாதது. சென்னைக் கொளத்தூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் போல வண்ணமீன் வளர்ப்பு வேரூன்றிய பகுதிகளுக்கு இதுவே மிகப் பொருத்தமான அளவுகோலாகும்.