சொந்த பஸ், குத்தகை ரயில்: ஸ்டேஜ்கோச் வளர்ந்த விதம்

ஐந்து கண்டங்களில் பஸ் ஓட்டிய நிறுவனம் ஸ்டேஜ்கோச். பிரிட்டனில் ரயில்வே தனியார்மயமானபோது முதல் ரயிலை ஓட்டியதும் அதுதான். அதன் தலைமையிடம் லண்டனில் இல்லை. ஸ்காட்லாந்தில், டே ஆற்றங்கரையில் உள்ள பெர்த் என்ற சிறு நகரில் தொடங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்த மலரைப் படிக்கப்போகும் பலர் பஸ் தொழிலோடு வளர்ந்தவர்கள். ஆகவே பங்குச் சந்தைக் கதையைக் குறைத்துக்கொண்டு, ஷெட்டிலும் ரூட்டிலும் நடந்ததைக் கூடுதலாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1930இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம், ரூட்டுக்கு உரிமம் வாங்கியே பஸ் ஓட்ட வேண்டும் என்றது. புதிதாகக் கேட்பவர், அந்த ரூட்டில் இன்னொரு பஸ் தேவை என்பதை ஆணையர் முன் நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே ஓட்டுபவர் வந்து ஆட்சேபிப்பார்; ரயில்வேயும் ஆட்சேபிக்கும். நம்மூரில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் பர்மிட்டுக்கு அலைந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. அந்தக் கதவு ஐம்பது ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தாட்சர் அரசு 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முதலில் நெடுந்தூரப் பஸ்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டது. முப்பது மைலுக்கு மேற்பட்ட பயணம் என்றால் ரூட் உரிமம் வேண்டாம் என்றது. அது நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபரில். அதே அக்டோபரில் டண்டீயிலிருந்து லண்டனுக்கு இரவுப் பஸ் ஒன்றைக் கிளப்பியது பெர்த்தைச் சேர்ந்த ஒரு குடும்பம்.

ஆன் குளோக், அவருடைய கணவர் ராபின் குளோக், ஆனின் தம்பி பிரையன் சூட்டர் ஆகிய மூவரே நிறுவனர்கள். ஆன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கணவரோடு சேர்ந்து கேரவன்களையும் மினி பஸ்களையும் வாடகைக்கு விட்டுவந்தார். பிரையன் கணக்காளர் படிப்பு முடித்தவர். மாணவராக இருந்தபோது கண்டக்டர் வேலை பார்த்தவர். அவர்களுடைய அப்பா அலெக்சாண்டர்ஸ் கம்பெனியில் பஸ் டிரைவர். வேலையை விட்டபோது அவருக்குக் கிடைத்த தொகையும் முதலில் சேர்ந்தது. பஸ்ஸில் தின்பண்டமும் குடிக்க ஏதாவதும் கொடுத்தார்கள். சாண்ட்விச்சை வீட்டிலேயே செய்து எடுத்துவந்தார்கள். கட்டணம் குறைவு. எதிரே நின்றவையோ அரசுக்குச் சொந்தமான நேஷனல் எக்ஸ்பிரஸும் ஸ்காட்டிஷ் பஸ் குரூப்பும். அத்தனை பெரியவர்களோடு மோதிய பலர் சில ஆண்டுகளில் காணாமல் போனார்கள். இந்தக் குடும்பம் தாக்குப்பிடித்ததற்குச் சாண்ட்விச் காரணம் என்று விளம்பரக்காரர்கள் சொல்லலாம். மைலுக்கு என்ன செலவு, சீட்டுக்கு என்ன வரவு என்பதை அக்காவும் தம்பியும் விரல் நுனியில் வைத்திருந்ததே காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த கதவு 1986 அக்டோபர் 26ஆம் தேதி திறந்தது. லண்டன் தவிர்த்த மற்ற ஊர்களில் டவுன் பஸ்ஸுக்கும் ரூட் கட்டுப்பாடு போயிற்று. அன்றைக்கே ஸ்டேஜ்கோச் கிளாஸ்கோவில் ‘மேஜிக் பஸ்’ என்ற பெயரில், லண்டன் கழித்துப்போட்ட பழைய ரூட்மாஸ்டர் இரட்டை மாடிப் பஸ்களைக் கண்டக்டரோடு இறக்கியது. மற்றவர்கள் கண்டக்டரை நீக்கி டிரைவரையே டிக்கெட் கொடுக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாப்பில் நிற்கும் நேரம் குறைந்தால் டிரிப் கூடும் என்பது இவர்களின் கணக்கு.

ஆனால் வளர்ச்சியின் மையம் அது அல்ல. அரசின் நேஷனல் பஸ் கம்பெனியைச் சுமார் எழுபது துண்டுகளாக்கி விற்றார்கள். 1987இல் மட்டும் ஹாம்ப்ஷயர், கம்பர்லாண்ட், யுனைடெட் கவுண்டீஸ் என மூன்று துண்டுகளை ஸ்டேஜ்கோச் வாங்கியது. ஹாம்ப்ஷயர் கம்பெனியோடு சவுத்தாம்ப்டன் நகரின் நடுவே இருந்த பஸ் நிலையமும் வந்தது. பஸ் ஓட்டத்தைவிட மனைக்கு விலை அதிகம் என்று கண்டு, நிலையத்தையும் அந்த ஊர் ரூட்டுகளையும் விற்றுக் காசாக்கினார்கள். பொதுச் சொத்தை மதிப்புத் தெரியாமல் விற்ற அரசைத்தான் இதற்குக் குறை சொல்ல வேண்டும். 1989இல் இன்னொரு ஆச்சரியம்: தொடக்கமாக இருந்த நெடுந்தூரப் பஸ்களையே நேஷனல் எக்ஸ்பிரஸிடம் விற்றுவிட்டார்கள். தாங்கள் பெற்ற முதல் ரூட் என்ற பாசம் அதில் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பணம் டவுன் பஸ் கம்பெனிகளை வாங்கப் போயிற்று. வெள்ளை உடலில் சிவப்பு, நீலம், ஆரஞ்சுப் பட்டைகள் போட்ட பஸ்கள் ஊருக்கு ஊர் தோன்றின.

1993இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 1994இல் லண்டனின் இரண்டு பஸ் கம்பெனிகளும் நியூகாசிலும், 1996இல் மான்செஸ்டரின் தென்பாதியும் சேர்ந்தன. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 1994இல் டார்லிங்டன் நகராட்சி தன் பஸ் கம்பெனியை விற்க முன்வந்தது. ஸ்டேஜ்கோச்சுக்குக் கிடைக்கவில்லை. உடனே அந்தக் கம்பெனி டிரைவர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்துத் தன் பக்கம் இழுத்தது; அதே ரூட்டுகளில் கட்டணமே வாங்காமல் பஸ் விட்டது. வாங்க இருந்தவர் விலகிக்கொண்டார். நகராட்சிக் கம்பெனி மூடப்பட்டது. ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் 1995இல் இதை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்தது. முன்னால் போய் ஆளை ஏற்றிக்கொள்வதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் நம் தொழிலில்கூட இதை நியாயம் என்று சொல்பவர் இருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலாவி, கென்யா, நியூஸிலாந்து, போர்ச்சுகல், ஸ்வீடன், ஹாங்காங் என்று போனார்கள். எல்லா இடத்திலிருந்தும் திரும்பினார்கள். கென்யாவில் ‘மட்டாட்டு’ எனப்படும் வேன்கள், நேர அட்டவணை பார்க்காமல் ஸ்டாப்புகளில் ஆளை அள்ளிக்கொண்டு போயின. பெர்த்தில் கற்ற கணக்கு நைரோபியில் செல்லவில்லை. பெரிய அடி விழுந்தது அமெரிக்காவில். 1999இல் கோச் யுஎஸ்ஏ என்ற கம்பெனியை நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். சுற்றுலா, வாடகை, பள்ளி வண்டி, டாக்சி என்று எண்ணற்ற சிறு கம்பெனிகளை ஒட்டவைத்த குவியல் அது. பங்கு விலை தரையைத் தொட்டது. நிர்வாகத்தை மற்றவர்களிடம் விட்டிருந்த பிரையன் சூட்டர் 2002இல் தலைமை நிர்வாகியாகத் திரும்பிவந்து, அதில் பெரும்பகுதியைக் கழித்துக் கட்டினார்.

திரும்பி வந்த மறு ஆண்டு அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹாங்காங்கில் ஓடிய மூன்று அச்சு இரட்டை மாடிப் பஸ்களைக் கொண்டுவந்து, ஒரு பவுண்டிலிருந்து டிக்கெட் என்று ‘மெகாபஸ்’ தொடங்கினார். டிக்கெட் இணையத்தில் மட்டும். முதலில் வாங்குபவருக்கு மலிவு, கடைசியில் வாங்குபவருக்கு விலை கூடும். மலிவு விமானக் கம்பெனிகளின் கணக்கை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தார். 2006இல் சிகாகோவிலிருந்து அமெரிக்காவிலும் அது ஓடத் தொடங்கியது. கோடிகளைக் கொட்டி வாங்கியது தராததைக் கழித்துப்போட்ட வண்டிகள் தந்தன. அதே 2006இல் லண்டன் பஸ் பிரிவை ஆஸ்திரேலியாவின் மக்வாரி வங்கியிடம் 26 கோடியே 36 லட்சம் பவுண்டுக்கு விற்றார். நான்கு ஆண்டு கழித்து 2010இல் அதையே மிகக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கினார். பஸ் தொழிலில் இதற்கு இணையான வியாபாரம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி ரயில். 1992இலேயே, அபர்டீனிலிருந்து லண்டன் போகும் பிரிட்டிஷ் ரயிலின் இரவு வண்டியில் தன் பெயர் போட்ட பெட்டிகளை ஸ்டேஜ்கோச் இணைத்துப் பார்த்தது. கூட்டம் சேரவில்லை, நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு ரயில்வே சட்டம் வந்தது. அதன் ஏற்பாடு விசித்திரமானது. தண்டவாளமும் சிக்னலும் ஒரு கம்பெனிக்கு. என்ஜினும் பெட்டிகளும் வாடகைக்கு விடும் வேறு மூன்று கம்பெனிகளுக்கு. ரயிலை ஓட்டும் உரிமை மட்டும் டெண்டரில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. அப்படி உரிமை பெற்றவர் ஒருவித குத்தகைக்காரர். நிலம் அவருடையதல்ல, மாடும் அவருடையதல்ல. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதை அளக்க வேண்டும்.

வாட்டர்லூவிலிருந்து கிளம்பும் சவுத் வெஸ்ட் டிரெயின்ஸ் உரிமை ஸ்டேஜ்கோச்சுக்குக் கிடைத்தது. 1996 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5:10க்கு ட்விக்கனத்திலிருந்து வாட்டர்லூவுக்கு அதன் முதல் ரயில் ஓடியது. 1948இல் ரயில்வே நாட்டுடைமையான பிறகு கால அட்டவணைப்படி ஓடிய முதல் தனியார் ரயில் அது. மறு ஆண்டே அவப்பெயர். பஸ் கம்பெனியில் செய்து பழகிய ஆட்குறைப்பை ரயிலிலும் செய்தார்கள். அளவுக்கு மிஞ்சி டிரைவர்கள் போய்விட்டார்கள். ரயில் டிரைவருக்கு ஒவ்வொரு தடத்தின் சிக்னலும் வளைவும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து ஷெட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஸ்டியரிங் முன் உட்காரவைப்பது போன்றதல்ல அது. நாள்தோறும் ரயில்கள் ரத்தாயின. அபராதம் விதிப்போம் என்று அரசு எச்சரிக்கும் அளவுக்குப் போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் அந்த உரிமையை இருபத்தோரு ஆண்டுகள், 2017 வரை, கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குத்தகைக்காரராக இருப்பதைவிட மாட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பது மேல் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ரயில் பெட்டிகளை வாடகைக்கு விடும் போர்ட்டர்புரூக்கை அரசு 52 கோடிச் சொச்சம் பவுண்டுக்கு விற்றிருந்தது. சில மாதங்களில், 1996இலேயே, ஸ்டேஜ்கோச் அதை 82 கோடியே 50 லட்சத்துக்கு வாங்கியது. 2000இல் கடனையும் சேர்த்து சுமார் 140 கோடிக்கு அபே நேஷனல் வங்கியிடம் விற்றது. அரசு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டது என்ற புகாரை நாட்டின் தணிக்கை அலுவலகமும் பிறகு ஆராய்ந்து எழுதியது. ரயிலில் ஸ்டேஜ்கோச் பார்த்த நல்ல லாபங்களில் ஒன்று ரயில் ஓட்டாமல் பார்த்தது.

1998இல் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் ரயிலில் 49 சதவீதம் வாங்கினார்கள். லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கும் கிளாஸ்கோவுக்கும் சாய்ந்து வளைந்து போன சிவப்புப் பெண்டலினோ ரயில்களின் புகழ் பிரான்சனுக்குப் போயிற்று. ஏறக்குறையப் பாதி உரிமை பெர்த்தில் இருந்தது என்பது பயணிகளில் பலருக்குத் தெரியாது. ஷெஃபீல்டின் டிராம், கிழக்கு மிட்லாண்ட்ஸ் ரயில் என்று வரிசை நீண்டது.

குத்தகை கழுத்தைப் பிடித்தது கிழக்குக் கடற்கரைப் பாதையில். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போகும் அந்த உரிமையை, 90 சதவீதம் ஸ்டேஜ்கோச், 10 சதவீதம் வர்ஜின் என்று 2015 மார்ச்சில் எடுத்தார்கள். எட்டு ஆண்டுகளில் அரசுக்கு 330 கோடி பவுண்டு தருவதாக வாக்கு. எதிர்பார்த்த கூட்டம் ஏறவில்லை. பஸ்ஸாக இருந்தால் டிரிப்பைக் குறைக்கலாம், ரூட்டை மாற்றலாம், வண்டியை வேறு ஷெட்டுக்கு அனுப்பலாம். இங்கே எதுவும் முடியாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். 2018 ஜூனில் அரசு அதைத் தன்னிடமே எடுத்துக்கொண்டது. 2019இல், ஊழியர் ஓய்வூதிய நிதியில் விழக்கூடிய பள்ளத்தை ஏற்க மறுத்ததால், ஸ்டேஜ்கோச் மூன்று டெண்டர்களிலிருந்து ஒரே நேரத்தில் நீக்கப்பட்டது. வழக்கும் தோற்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கிழக்கு மிட்லாண்ட்ஸும் டிசம்பரில் மேற்குக் கடற்கரையும் கைவிட்டுப் போயின. அன்று அந்தப் பொறுப்பை ஏற்க மறுத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். சில மாதங்களில் கொரோனா வந்து ரயில்கள் காலியாக ஓடின.

பஸ் பக்கம் நிறுவனர்கள் கடைசிவரை பஸ்காரர்களாகவே இருந்தார்கள். 2004இல் பஸ் பாடி கட்டும் தொழிற்சாலை திவாலானபோது, சூட்டரும் ஆன் குளோக்கும் வேறு சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து தங்கள் சொந்தப் பணத்தில் அதை எடுத்து நடத்தினார்கள். அலெக்சாண்டர் டென்னிஸ் என்ற பெயரில் அது இரட்டை மாடிப் பஸ்களை உலகெங்கும் அனுப்பியது. 2022இல் ஜெர்மனியின் டிடபிள்யுஎஸ் நிறுவனம் நிர்வகிக்கும் உட்கட்டமைப்பு நிதி 59 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு ஸ்டேஜ்கோச்சை வாங்கியது. குடும்பத்தின் காலம் முடிந்தது. பங்குச் சந்தையிலிருந்தும் பெயர் நீங்கியது.

1996இல் முதலில் தனியாருக்குப் போன அதே வாட்டர்லூ ரயில்கள்தான், இப்போதைய அரசின் புதிய சட்டத்தின்கீழ், 2025 மே 25 அன்று முதலாவதாக மீண்டும் பொதுவுடைமையாயின. அப்போது ஸ்டேஜ்கோச்சின் கையில் ஒரு ரயிலும் இல்லை.

பஸ்களிலும் காற்று மாறிவிட்டது. மான்செஸ்டர் பெருநகரம், ரூட்டும் கட்டணமும் இனி எங்கள் முடிவு என்றபோது, ஸ்டேஜ்கோச் நீதிமன்றம் போனது, 2022இல் தோற்றது. 2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை படிப்படியாக அந்தப் பெருநகரின் பஸ்கள் முழுவதும் நகர நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வழக்கில் தோற்ற கம்பெனி டெண்டரில் நின்றது, வென்றது. அங்கே இன்று அது ஓட்டும் பஸ்களில் பட்டைகள் இல்லை. எல்லாம் நகரத்தின் மஞ்சள் நிறம். கட்டண வசூல் நகரத்துக்கு, ஓட்டுவதற்குக் கூலி கம்பெனிக்கு. ரயிலில் இருந்த டெண்டர் முறை பஸ்ஸுக்கும் வந்துவிட்டது. லிவர்பூல் பகுதியும் இதே வழியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது.